செங்காந்தள்: அடையாளம் காணலும் வளர்ப்பும்

செங்காந்தள் என்பது நிலத்தடிக் கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் முளைத்து, அருகிலுள்ள புதரையோ வேலியையோ பற்றி ஏறி, பூத்துக் காய்த்து, பின் தண்டு மடிந்து கிழங்காக உறங்கும் பல்லாண்டுப் பூஞ்செடி ஆகும். இதன் தாவரவியல் பெயர் குளோரியோசா சூப்பர்பா. கார்ல் லின்னேயஸ் 1753-இல் இப்பெயரை இட்டார். முன்பு அல்லிக் குடும்பமான லிலியேசியில் வைக்கப்பட்டிருந்த இச்செடி, இப்போது கொல்சிகேசி என்னும் குடும்பத்தில் சேர்க்கப்படுகிறது. இது ஒருவித்திலைத் தாவரம்.

செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. பூவின் அழகுக்காக வீட்டுத் தோட்டங்களிலும், விதையிலுள்ள மருந்துப் பொருளுக்காக வயல்களிலும் இது வளர்க்கப்படுகிறது. அதே வேளையில் கிழங்கு, தண்டு, இலை, பூ, விதை என இதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சுடையவை. ஆகவே இச்செடியைப் பூவில்லாத காலத்திலும் அடையாளம் காணத் தெரிந்திருப்பது, வளர்ப்பவருக்கும் கிழங்கு தோண்டி உண்பவருக்கும் இன்றியமையாதது.

பெயர்கள்

காந்தள், தோன்றி, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு, கார்த்திகைப்பூ, இலாங்கலி, அக்கினிச்சிகை எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு எனப்பட்டது. இலாங்கலி என்னும் வடமொழிப் பெயரும் கலப்பையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததே. இதழ்கள் தீ நாக்குகளைப் போல மேல்நோக்கி நிற்பதால் அக்கினிச்சிகை என்பர். கார்த்திகை மாதத்து மழைக்காலத்தில் பூத்துக் குலுங்குவதால் ஈழத்தில் இது கார்த்திகைப்பூ. சிங்களத்தில் இதன் பெயர் நியங்களா. பூவை நெடுநேரம் உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்னும் நம்பிக்கையால் கண்வலிக் கிழங்கு என்ற பெயர் வந்ததாகச் சொல்வர். தமிழ்நாட்டு உழவர்களிடையேயும் சந்தையிலும் இப்பெயரே பெரிதும் வழங்குகிறது.

இயல்பாக வளரும் இடங்கள்

வெப்பமண்டல ஆப்பிரிக்காவும் தென்னாப்பிரிக்காவும், இந்தியாவும் இலங்கையும், தென்கிழக்கு ஆசியாவும் இதன் இயல்பான வாழிடங்கள். புதர்க்காடு, காட்டு விளிம்பு, வரப்போர வேலி, கடற்கரை மணற்பாங்கு ஆகிய இடங்களில் வளரும். சத்துக் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் நீர் தேங்கும் நிலத்தில் கிழங்கு அழுகிவிடும். ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளில் அழகுச் செடியாகப் புகுந்து, இன்று களையாகப் பரவியுள்ளது.

அடையாளம் காணல்

கிழங்கு: உருண்டு நீண்டு, இரு கிளைகளாகப் பிரிந்து, ஆங்கில ‘வி’ அல்லது ‘எல்’ எழுத்தின் வடிவில் இருக்கும். முனைகள் கூர்மையாகக் குறுகும். மேல்தோல் பழுப்பு நிறம், உட்புறம் வெண்மை. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு வளர்மொட்டு மட்டுமே இருக்கும்.

தண்டு: பச்சை நிறமான மெல்லிய தண்டு. தானாக நிமிர்ந்து நிற்க இயலாது. பற்றுக்கோடு கிடைத்தால் 3 முதல் 4 மீட்டர் வரை ஏறும்.

இலை: காம்பற்றது, ஈட்டி வடிவம் கொண்டது, பளபளப்பான பச்சை நிறமுடையது. நரம்புகள் நீளவாக்கில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். இலையின் நுனி நீண்டு சுருள்வில்லைப் போலச் சுருண்டிருக்கும். இதுவே செடியின் பற்றுக்கம்பி. பூ இல்லாத காலத்தில் செங்காந்தளை அடையாளம் காண உதவும் முதல் அறிகுறி இந்தச் சுருண்ட இலைநுனிதான். பாகல், புடலை போன்ற கொடிகளில் பற்றுக்கம்பி தண்டின் கணுவிலிருந்து வரும். செங்காந்தளில் இலையே நுனியில் பற்றுக்கம்பியாகிறது.

பூ: நீண்ட காம்பில் தனித்தனியே தலைகீழாகத் தொங்கும். ஆறு இதழ்கள் பின்னோக்கி மடிந்து மேல்நோக்கி நிற்கும். இதழ்களின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். மொட்டு விரியும்போது பச்சை. பிறகு அடிப்பகுதி மஞ்சளும் நுனி சிவப்புமாக மாறும். முதிர்ந்தபின் முழுவதும் செஞ்சிவப்பாகும். ஒரே கொடியில் பல நிறப் பூக்கள் தெரிவது இதனால்தான். அவை வெவ்வேறு வகைகள் அல்ல. ஆறு மகரந்தத்தாள்கள் குடைக் கம்பிகள் போலப் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக வளைந்து ஒரு பக்கமாக நீட்டி நிற்கும். அதன் முனை மூன்றாகப் பிளந்திருக்கும்.

காய்: நீள்வட்டமான பச்சைக் காய், முற்றியதும் மூன்றாகப் பிளக்கும். உள்ளே செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிற உருண்டை விதைகள் வரிசையாக இருக்கும். கண்ணைக் கவரும் இவ்விதைகளைக் குழந்தைகள் வாயில் இட்டுக்கொள்ளக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

உண்ணும் கிழங்குகளிலிருந்து வேறுபாடு

செங்காந்தள் கிழங்கைச் சர்க்கரைவள்ளி (ஈழத்தில் வற்றாளை) அல்லது வள்ளிக்கிழங்கு எனத் தவறாகக் கருதி அவித்து உண்டதால் இந்தியாவிலும் இலங்கையிலும் நச்சுப்பாடுகள் நேர்ந்துள்ளன. இலையுள்ள காலத்தில் வேறுபாடு எளிது:

• சர்க்கரைவள்ளியின் இலை காம்புடையது; இதய வடிவிலோ கைவிரல் போலப் பிளந்தோ இருக்கும். கொடி நிலத்தில் படரும். பற்றுக்கம்பி கிடையாது.

• வள்ளிக்கிழங்கு, இராசவள்ளி ஆகியவற்றின் இலையும் காம்புடையது. பெரும்பாலும் இதய வடிவம். பெரிய நரம்புகளுக்கு இடையே சிறு நரம்புகள் வலைபோலப் பின்னியிருக்கும். தண்டு தானே கொழுகொம்பைச் சுற்றி ஏறும்.

• செங்காந்தளின் இலைக்குக் காம்பில்லை. நரம்புகள் இணையாக ஓடும். இலைநுனி சுருண்டு பற்றும்.

ஆபத்து மிகுவது கோடையில்தான். அப்போது கொடி முழுவதும் காய்ந்து மறைந்துவிடும். மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். நிலத்தைக் கொத்தும்போது கிடைக்கும் கிழங்கில் இலையோ பூவோ இருக்காது. இரு கிளையாகப் பிரிந்த, முனை கூர்மையான கிழங்கு என்பது ஐயப்படப் போதுமான அடையாளம். ஆனால் கிளை உடைந்து தனித்துண்டாகக் கிடைத்தால் அதுவும் தெரியாது. ஆகவே எந்தக் கொடியிலிருந்து வந்தது என்று தெரியாத கிழங்கை உண்ணாதிருப்பதே பாதுகாப்பான வழி. சுவைத்துப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

வாழ்க்கைச் சுழற்சி

தமிழ்நாட்டில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி, ஆடி மாதங்களில் கிழங்கு முளைவிடும். தண்டு விரைந்து வளர்ந்து, புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூக்கும். மார்கழி, தை மாதங்களில் காய் முற்றும். அதன்பின் இலை மஞ்சளாகித் தண்டு உலரும். இதற்குள் பழைய கிழங்கு தன் சேமிப்பைச் செலவிட்டுச் சுருங்கிப் போயிருக்கும். அதனிடத்தில் புதிய கிழங்கு உருவாகியிருக்கும். செடி பல்லாண்டுகள் வாழ்ந்தாலும், கிழங்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. மாசி முதல் வைகாசி வரை உறக்கக் காலம்.

மகரந்தச் சேர்க்கை

பூவில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உள்ளன. ஆனால் சூல்தண்டு வளைந்து விலகி நிற்பதால், பூவின் சொந்த மகரந்தம் சூல்முடியில் எளிதில் படுவதில்லை. வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் தேன் அருந்த வரும்போது சிறகிலும் உடலிலும் மகரந்தத்தை ஏந்தி வேறு பூவுக்குக் கொண்டு செல்கின்றன.

காட்டில் இந்த ஏற்பாடு செடிக்கு நன்மை தருவது. வயலில் இதுவே உழவருக்குப் பெரும் வேலையாகிறது. ஒரே வகைச் செடிகள் ஆயிரக்கணக்கில் பூத்து நிற்கும் நிலத்துக்குப் போதுமான பூச்சிகள் வருவதில்லை. எனவே தொழிலாளர்கள் காலை வேளையில் வரிசை வரிசையாகச் சென்று, ஒவ்வொரு பூவிலும் மகரந்தத்தைச் சூல்முடியில் கையால் தொட்டு வைக்கின்றனர். பூக்கும் காலம் முழுவதும் இப்பணி நாள்தோறும் நடக்க வேண்டும். தவறிய பூ பெரும்பாலும் காயாவதில்லை.

கொல்சிசின்: மருந்தும் நஞ்சும்

செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் கொல்சிசின் என்னும் ஆல்கலாய்டு உள்ளது. ஐரோப்பாவில் வளரும் கொல்சிக்கம் என்னும் உறவுச் செடியிலிருந்து 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லத்தியேயும் கவந்துவும் இதைப் பிரித்தெடுத்தனர். கீல்வாத வகையான கௌட் நோய்க்கும், குடும்பவழி மத்தியதரைக்கடல் காய்ச்சலுக்கும் கொல்சிசின் மருந்தாகப் பயன்படுகிறது. இதிலிருந்து உருவாக்கப்படும் தயோகொல்சிகோசைடு தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து.

உயிரணுக்குள் டியூபுலின் என்னும் புரதம் இணைந்து நுண்குழல்கள் உருவாகின்றன. உயிரணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுப்பவை இக்குழல்களே. கொல்சிசின் டியூபுலினுடன் ஒட்டிக்கொண்டு குழல்கள் உருவாவதைத் தடுக்கிறது. சிறிய அளவில் இது வெள்ளணுக்களின் செயலை மட்டுப்படுத்தி மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறது. அளவு கூடினால் உடலில் உயிரணுப் பிரிவே நின்றுபோகிறது. மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடையிலான இடைவெளி மிகக் குறுகியது.

இதே இயல்பைப் பயிர் மேம்பாட்டிலும் பயன்படுத்துகின்றனர். கொல்சிசின் இட்ட முளைகளில் குரோமோசோம்கள் இரட்டிக்கின்றன. ஆனால் உயிரணு பிரிவதில்லை. 1937-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லி இதை எடுத்துக்காட்டினார். விதையில்லாத் தர்ப்பூசணி இம்முறையின் வழி வந்ததே.

நச்சுப்பாட்டின் அறிகுறிகள்

உடலில் விரைந்து பிரியும் உயிரணுக்கள் எங்கு உள்ளனவோ அங்கே பாதிப்பு முதலில் தெரியும். குடலின் உட்படலம், எலும்பு மச்சை, மயிர்க்கால்கள் ஆகியவை அத்தகையன. அறிகுறிகள் தோன்றும் வரிசையும் இதையொட்டியே அமைகிறது.

உண்ட சில மணி நேரத்தில் தொண்டை எரிச்சல், கடும் வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவை தொடங்கும். உடல் நீரிழந்து குருதியழுத்தம் குறையும். அடுத்த சில நாட்களில் எலும்பு மச்சை செயலிழந்து வெள்ளணுக்களும் குருதித் தட்டுகளும் குறையும். சிறுநீரகம், கல்லீரல், இதயம் பாதிக்கப்படலாம். உயிர் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரங்களில் தலைமுடி கொத்தாக உதிர்வதுண்டு. பின்னர் அது மீண்டும் வளரும்.

வாந்தி அடங்கியதும் தேறிவிட்டதாக எண்ணுவது தவறு. கடுமையான கட்டம் அதற்குப் பிறகே வரக்கூடும். கொல்சிசின் வெப்பத்தால் அழிவதில்லை. கிழங்கை அவித்தாலும் வறுத்தாலும் உலர்த்தினாலும் நஞ்சு நீங்காது.

செங்காந்தளின் எந்தப் பகுதியையாவது உட்கொண்டதாக ஐயம் இருந்தால், அறிகுறி வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் அவசர ஊர்தியை அழைக்கலாம். உண்ட கிழங்கின் மீதியையோ கொடியின் இலையையோ உடன் எடுத்துச் சென்றால் மருத்துவர் விரைந்து அடையாளம் காண உதவும். உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது போன்ற வீட்டு முறைகளைச் செய்யக் கூடாது.

சித்த, ஆயுர்வேத மருத்துவங்களில் இக்கிழங்கு சுத்தி செய்தபின் பயன்படுத்தப்படுகிறது. இந்திய மருந்துகள் விதிகளில் இது நச்சு மூலிகைகளின் அட்டவணையில் இடம்பெற்றுள்ளது. எனவே தகுதிபெற்ற மருத்துவரின்றி வீட்டில் மருந்தாகச் செய்துகொள்வது உயிருக்கு இடர் தரும். கருவைக் கலைக்கும் தன்மை இருப்பதால் கருவுற்ற பெண்கள் குறிப்பாக விலக வேண்டும்.

வயலில் பயிரிடுதல்

தமிழ்நாட்டில் திண்டுக்கல், திருப்பூர், கரூர் மாவட்டங்களின் வறண்ட பகுதிகளிலும், அரியலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் சில பகுதிகளிலும் இது பயிராகிறது. ஒட்டன்சத்திரம், மூலனூர், வேதாரண்யம் ஆகியவை இப்பயிருக்கு அறியப்பட்ட வட்டாரங்கள்.

மண்: வடிகால் வசதியுள்ள செம்மண்ணும் மணல் கலந்த வண்டலும் ஏற்றவை. கார அமிலத் தன்மை 6 முதல் 7 வரை இருப்பது நல்லது.

விதைக்கிழங்கு: 50 முதல் 60 கிராம் எடையுள்ள, நுனி ஊறுபடாத கிழங்குகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் முளைக்க நெடுநாள் ஆகும், பூக்க 3 முதல் 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆதலால் வயலில் கிழங்கே நடப்படுகிறது. அழுகலைத் தடுக்க நடுமுன் பூஞ்சணக்கொல்லிக் கரைசலில் நனைப்பர்.

நடவு: ஆனி, ஆடி மாதங்களில் தொழுவுரம் இட்டு உழுத நிலத்தில் வாய்க்கால் எடுத்து நடுவர். முளை வரும்வரை மண் ஈரமாக இருக்க வேண்டும்; பின்னர் தேவைக்கேற்பப் பாய்ச்சினால் போதும். பூக்கும் காலத்தில் நீர் தேங்கவோ வறண்டுபோகவோ விடக் கூடாது.

பற்றுக்கோடு: முள்கிளுவை, விராலி போன்றவற்றை உயிர்வேலியாக வரிசையில் நட்டு அதன்மேல் கொடியை ஏற்றுவர், கம்பிப் பந்தலும் அமைப்பர். கொடியின் நுனி ஒடிந்தால் பூப்பது குறையும். ஆகையால் களை எடுக்கும்போது கவனம் தேவை.

பூச்சியும் நோயும்: பாலிடெலா குளோரியோசே என்னும் புழு இதன் இலையைத் தின்று கொடியை மொட்டையாக்கும். உடலில் கருமை, வெண்மை, சிவப்பு, மஞ்சள் நிறங்கள் கலந்திருப்பதால் எளிதில் தெரியும். தொடக்கத்திலேயே கையால் பொறுக்கி அழிக்கலாம். இலைக்கருகலும் கிழங்கழுகலும் மழைக்காலத்தில் வரும் முக்கிய நோய்கள்.

அறுவடை: நட்ட 160 முதல் 180 நாட்களில் காய் முற்றும். கடும்பச்சை மாறித் தோல் சுருங்கத் தொடங்கும்போது பறித்து நிழலில் உலர்த்துவர். காய் வெடித்தபின் விதையைப் பிரித்து மீண்டும் உலர்த்துவர். கிழங்கை மண்ணிலேயே விட்டால் அடுத்த பருவத்தில் மீண்டும் முளைக்கும். விதையை உலர்த்தும் களத்தில் உணவுத் தானியம் உலர்த்தக் கூடாது. கையுறை அணிவதும், வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கைகழுவுவதும் வேண்டும்.

வீட்டுத் தோட்டத்தில் வளர்த்தல்

30 சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட, அடியில் துளையுள்ள தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் கலந்து நிரப்பி, கிழங்கைப் படுக்கை வாட்டில் 5 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைக்க வேண்டும். இலைநுனி சிறியதாகையால் மெல்லிய குச்சி, கம்பி வலை, கயிறு ஆகியவற்றையே பற்றும். பருத்த கழியைப் பற்ற முடியாது. பாதி நாளாவது வெயில் கிடைத்தால் நன்கு பூக்கும்.

இலை மஞ்சளானதும் நீரை நிறுத்த வேண்டும். செடி இறந்துவிட்டதாக எண்ணித் தொட்டியைக் கொட்டிவிடுபவர்கள் பலர். கிழங்கு உள்ளே உயிருடன் இருக்கும். தொட்டியை மழை படாத இடத்தில் வைத்து, அடுத்த ஆனியில் மீண்டும் நீர் ஊற்றினால் முளைக்கும். தொட்டியில் ‘செங்காந்தள், நஞ்சு’ என எழுதி வைப்பதும், உண்ணும் கிழங்குப் பாத்திகளுக்கு அருகில் நடாதிருப்பதும் நலம். சிறு குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் உள்ள வீட்டில் காய் பிடிக்குமுன் வாடிய பூக்களைக் கிள்ளிவிடலாம்.

பொருளியலும் பாதுகாப்பும்

இதன் விதை கொல்சிசின் எடுக்கும் மருந்து நிறுவனங்களுக்காக ஏற்றுமதியாகிறது. உண்ணும் பொருளன்று என்பதால் உள்ளூர்ச் சந்தை இல்லை, வாங்குபவர் சிலரே. விலை ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும். பந்தல், விதைக்கிழங்கு, கையால் மகரந்தம் சேர்க்கும் கூலி ஆகிய செலவுகளோ ஆண்டுதோறும் நிலையாக இருக்கும். விலை சரியும் ஆண்டில் இச்சுமை முழுவதும் உழவரையே சேர்கிறது.

காட்டுச் செடிகளுக்கு வேறொரு நெருக்கடி உண்டு. மருந்துக்காகவும் விதைக்கிழங்குக்காகவும் காட்டிலிருந்து தோண்டி எடுக்கும்போது, அடுத்த ஆண்டுக்குரிய ஒரே கிழங்கும் போய்விடுகிறது. விதையிலிருந்து புதிய செடி பூக்கப் பல ஆண்டுகள் ஆவதால் இழப்பு எளிதில் ஈடாவதில்லை. வளர்க்க விரும்புவோர் காட்டில் தோண்டாமல், பயிரிடுவோரிடமிருந்து கிழங்கு பெறுவதே முறை.

இலக்கியத்தில் காந்தள்

சங்க இலக்கியத்தில் காந்தள் குறிஞ்சி நிலத்து மலர், முருகனுக்குரியது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் 99 பூக்களுள் முதலாவது காந்தளே. குறுந்தொகையின் முதற்பாடலும் காந்தள் பூத்த மலையைப் பேசுகிறது. மகளிர் விரலுக்கும் பாம்பின் படத்துக்கும் இப்பூவைப் புலவர்கள் உவமையாக்கினர். விரிந்த பூவின் நெளிந்த இதழ்களை நேரில் பார்த்தவர்க்கு இவ்வுவமைகளின் பொருத்தம் விளங்கும்.